ஐஸ்கிரீம் வண்டியில் போன பெண்கள்

எனக்கு மிகவும் பிடித்த படத்தின் பெயர் எனக்குத் தெரியாது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அது ஓர் ஆங்கிலப் படம். ஒரு பாட்டுக் கச்சேரிக்காக வீட்டைவிட்டு ஓடும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களைப் பற்றிய சிரிப்புப் படம். எங்கள் ஊர் தியேட்டர்காரர்கள் போஸ்டரில் ஆங்கிலப் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத்தாளை ஒட்டி, 'அழகிகள்' என்று முடிகிற மாதிரி ஒரு தமிழ்ப் பெயரைத் தாங்களாகவே எழுதிவிட்டார்கள். எந்த ஆங்கிலப் படம் வந்தாலும் அப்படித்தான். முதலை மனிதனைத் தின்கிற படமாக இருந்தாலும் பெயரில் அழகிகள் வந்துவிடுவார்கள். பிற்பாடு எத்தனையோ பேரிடம் கதையைச் சொல்லி, இது என்ன படம் என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். எதுவும் அது இல்லை. எனக்கு அதில் பெரிய வருத்தமும் இல்லை. நாங்கள் பார்த்த படமும் வெள்ளைக்காரர்கள் எடுத்த படமும் ஒன்றுதானா என்பதே சந்தேகம்.

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலை அப்போது வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. பெரிய காரியம் எதுவானாலும் வேலூருக்குத்தான் பஸ் ஏற வேண்டும். நான் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என் மாமா, அம்மாவின் தம்பி, கீழ்பென்னாத்தூரில் விவசாயம் பார்த்தார். எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை மூட்டை கட்டிக் கொண்டுவந்து டவுனில் போடுவார். நல்ல விலை கிடைத்த அன்று என்னை மேட்னி ஷோவுக்குக் கூட்டிப்போவார். அவருக்கு சினிமாவில் ஆசையெல்லாம் கிடையாது. ஃபேனுக்குக் கீழே இரண்டரை மணி நேரம் தூங்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்படி ஒருநாள் ஒரு தமிழ்ப் படத்துக்குத்தான் போனோம். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு, படப்பெட்டி வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெட்டியைக் கொண்டுவர வேண்டிய பஸ் எங்கேயோ நின்றுவிட்டதாம். கூட்டம் கூச்சல் போட்டது. மறுநாள் காலைக் காட்சிக்காக வந்திருந்த ஆங்கிலப் படத்தை எடுத்து ஓட்டிவிட்டார்கள். பாதிப் பேர் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள். "காசு குடுத்தாச்சு, ஃபேன் ஓடுது, உக்காரு," என்று சொல்லிவிட்டு மாமா கண்ணை மூடிக்கொண்டார். ஆங்கிலப் படம் எங்கள் ஊரில் காலைக் காட்சியில் மட்டும்தான் ஓடும். அதற்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள். எந்தச் சட்டத்திலும் அது எழுதியிருக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான். ஆக, ஒரு பஸ் ரிப்பேர் ஆனதால் பெண்பிள்ளையான எனக்கு அந்தப் படம் கிடைத்தது.

ஒரு சின்ன ஊர். அக்கா, தங்கை, பக்கத்து வீட்டுக் குண்டுப் பையன். மூன்று பேருக்கும் ஒரு பாட்டுக் கோஷ்டியின் மேல் உயிர். தோள்வரை முடி வளர்த்த நாலு பேர், கிடாரும் டிரம்ஸுமாகக் கூரை பிய்த்துக்கொள்கிற மாதிரி பாடுவார்கள். ராக் என்ற சொல்லெல்லாம் எனக்குத் தெரியாது. நான் அதை 'டிரம்ஸ் பாட்டு' என்றுதான் சொல்லிவந்தேன். அந்தக் கோஷ்டி பக்கத்துப் பட்டணத்துக்கு வருகிறது. அப்பா அனுப்ப மாட்டேன் என்கிறார். பிள்ளைகள் அவருடைய ஐஸ்கிரீம் வண்டியையே கிளப்பிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். அந்த வண்டியில் ஒரு வம்பு. பிரேக் போட்டால் மணி அடிக்கும். மணி அடித்தால் தெருவில் இருக்கிற குழந்தையெல்லாம் ஓடிவரும். போலீஸுக்குப் பயந்து சந்தில் ஒளிய நிறுத்தினால்கூட மணி அடித்து ஊரே கூடிவிடும். நான் சிரித்த சிரிப்பில் மாமா ஒரு தடவை கண்ணைத் திறந்து "இன்னா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கினார்.

பட்டணத்தில் கச்சேரிக் கட்டடத்தின் வாசலில் கணக்கில்லாத பெண்கள். ஏதோ ஒரு ரொட்டிக் கடைக்காரன் கார் வந்ததும், அதில்தான் பாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று நினைத்து அலறுகிறார்கள், தலைமுடியைப் பிய்த்துக்கொள்கிறார்கள், மயங்கி விழுகிறார்கள். நம் பிள்ளைகளின் டிக்கெட் காற்றில் பறந்துபோகிறது. சமையல்காரர் வேஷம் போட்டுப் பார்க்கிறார்கள், பலிக்கவில்லை. டிரம்ஸ் பெட்டிக்குள் ஒளிந்து பார்க்கிறார்கள், குண்டுப் பையனால் மூடி மூடவில்லை. அழுதுகொண்டே ஊர் திரும்புகிற வழியில், டயர் வெடித்து ஒரு கார் நடுரோட்டில் நிற்கிறது. ஐஸ்கிரீம் வண்டி பிரேக் போடுகிறது. மணி அடிக்கிறது. காருக்குப் பக்கத்தில் நின்ற நாலு நீளமுடிக்காரர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள்.

சரியாக அந்த இடத்தில் மாமா எழுந்துவிட்டார். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமாம். அவர் வீட்டு மாடு அவர் கை பட்டால்தான் பால் கொடுக்குமாம். நான் கெஞ்சினேன், அழுதேன். என் கையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்து வந்துவிட்டார். அந்த மாட்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

படம் பார்த்தவர் பார்க்காதவருக்குக் கதை சொல்வது அப்போது கடமை மாதிரி. எங்கள் தெருவில் அந்தக் கடமை என்னிடம் இருந்தது. தெருக்கோடியில் ஒரு அக்கா தையல்கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் டெய்லரக்கா. முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகாதவர், அதிகம் பேசாதவர். பள்ளிக்கூடம் விட்டதும் தையல் கற்றுக்கொள்ள என் அம்மா என்னை அங்கே அனுப்பினார். நான் போட்ட ஹெம்மிங்கை அக்கா தினமும் பிரித்து வேறு பெண்ணிடம் கொடுப்பார். இருந்தும் என்னைத் துரத்தவில்லை. நான் கதை சொன்னால் மற்றவர்கள் கை வேகமாக ஓடியது. கொக்கி வைப்பவர்கள், காஜா எடுப்பவர்கள், துணி கொடுக்க வந்து எழுந்து போகாதவர்கள் என்று மாலையில் கடை நிறைந்துவிடும். பக்கத்துத் தெரு நயினாரம்மாவும் வந்துவிடுவார். ஜைனர்களை எங்கள் பக்கத்தில் நயினார் என்போம். அவர் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாக வேண்டும் என்பதால், அன்றன்றைய கதையை வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நல்ல இடத்தில் நிறுத்தும் வித்தையை நான் கற்றுக்கொண்டேன்.

தீபக் கூட்டம் வடிந்த மார்கழி. பொங்கல் துணி குவிந்து கிடந்தது. நான் கெத்தாக ஆரம்பித்தேன். ஆங்கிலப் படத்தின் கதையை எங்கள் தெருவில் எந்தப் பெண்ணும் அதுவரை சொன்னதில்லை.

"முடி வளத்த வெள்ளைக்காரங்க நாலு பேரு," என்றேன். அந்த இடத்திலேயே கதை என் கையைவிட்டுப் போய்விட்டது.

காரணம் இருக்கிறது. அந்தப் பெண்கள் பார்த்திருந்த வெள்ளைக்காரர்கள் எல்லாம் செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் தங்கியிருப்பவர்கள்தான். முடி வளர்த்திருப்பார்கள், செருப்பில்லாமல் மலையைச் சுற்றுவார்கள், எங்கேயாவது கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். முடி வளர்த்த வெள்ளைக்காரன் என்றால் சாமியார். அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன், அவர்கள் பாட்டுக்காரர்கள் என்று. "பஜனைன்னு சொல்லு," என்றார் நயினாரம்மா.

அதற்கப்புறம் எல்லாமே அவர்களுக்குத் தானாகப் புரிந்தது. கச்சேரி வாசலில் கூட்டம் என்றேன். தீபத்துக்கு நம் கோபுர வாசலில் இருக்காதா என்றார்கள். போலீஸ் உள்ளே விடவில்லை என்றேன். எந்த ஊரிலும் தரிசனத்துக்கு இதே தொல்லைதான் என்று பெருமூச்சு விட்டார்கள். பெண்கள் அலறி மயங்கி விழுந்தார்கள் என்றதும், யாருக்கு எந்தச் சாமி வந்தது, எலுமிச்சம்பழம் கொடுத்தார்களா, விபூதி போட்டு இறக்கினார்களா என்று என்னைத் துளைத்துவிட்டார்கள். சாமியெல்லாம் வரவில்லை, பாட்டு பிடித்துப்போய்க் கத்துகிறார்கள் என்று சொன்னேன். பாட்டு பிடித்ததற்கு யாராவது மயங்கி விழுவார்களா என்று என்னையே மடக்கினார்கள். தலைமுடியைப் பிய்த்துக்கொண்டதை மட்டும் நயினாரம்மா வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். துறவு பூண்டால் முடியைத் தன் கையாலேயே பிடுங்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். "அந்தச் சின்ன வயசுல அப்படி ஒரு வைராக்கியமா," என்று அவர் உருகியபோது நான் வாயை மூடிக்கொண்டேன். என் கதையைவிட அவர்கள் கதை நன்றாக இருந்தது என்பதுதான் எனக்குக் கோபம்.

டெய்லரக்கா மட்டும் இதில் எதிலும் கலந்துகொள்ளவில்லை. அந்த நாலு பேரின் பேண்ட் எவ்வளவு இறுக்கம், கீழே எவ்வளவு அகலம் என்று மட்டும் ஒருநாள் கேட்டார். டிரம்ஸ் அடிப்பதை நான் வாயால் அடித்துக் காட்டியபோது அவருடைய கால் மிஷின் பலகையில் அதே தாளத்துக்குப் போனதைப் பார்த்தேன். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டயர் வெடித்த இடத்துக்கு நான் வந்து சேர்ந்த அன்று மிஷின் நின்றது. "வீட்ல சொல்லாமதான போச்சுங்க?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாக்கா."

"திரும்பி வந்தப்போ வீட்ல சேத்துக்கிட்டாங்களா?"

மாமா பாதியில் இழுத்துவந்த கதையைச் சொன்னேன். முடிவு தெரியாத படத்தையா இத்தனை நாள் சொன்னாய் என்று எல்லோரும் என்மேல் பாய்ந்தார்கள். ஆளுக்கொரு முடிவு சொன்னார்கள். அப்பா பெல்ட்டை உருவியிருப்பார் என்றார் ஒருவர். பெரியவளுக்கு உடனே கல்யாணம் முடித்திருப்பார்கள் என்றார் இன்னொருவர். அக்கா குனிந்து ஊசியில் நூல் கோக்கப் பார்த்தார். ஊசியின் காது அவருக்கு அகப்படவே இல்லை. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் நயினாரம்மாதான் எனக்கு விஷயத்தைச் சொன்னார். அக்காவுக்குப் பதினேழு வயதிருக்கும்போது வேலூரில் பொருட்காட்சி நடந்ததாம். மெட்ராஸிலிருந்து ஒரு மெல்லிசைக் கோஷ்டி, கிடாரும் டிரம்ஸும் வைத்து இங்கிலீஷ் பாட்டெல்லாம் பாடுகிற கோஷ்டி, அங்கே வந்ததாம். அக்கா வீட்டில் சொல்லாமல் இரண்டு சிநேகிதிகளோடு பஸ் ஏறிப் போய்விட்டார். கடைசி பஸ் போய்விட்டது. பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்திருந்து முதல் பஸ்ஸில் திரும்பினார்கள். சிநேகிதிகள் இருவரும் அடி வாங்கியதோடு சரி. அக்காவின் அப்பா அடிக்கவில்லை. என் பெண் நேற்றே செத்துவிட்டாள் என்று சொல்லி வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அம்மா அவருக்குப் பின்னால் நின்றிருந்தார். எங்கே போனாய் என்றும் கேட்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் இருந்த ஓர் அத்தை அக்காவைக் கூட்டிவந்து வைத்துக்கொண்டு தையல் கற்றுக்கொடுத்தார். அப்பா இறந்தும் இரண்டு மூன்று வருஷம் ஆகிவிட்டது. அம்மா மகன் வீட்டில், நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தார். கோயிலில் எதிரெதிரே பார்த்துக்கொண்டால் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்களாம். "கோவம்லாம் ஒண்ணும் இல்ல. பேசாம பழகிடுச்சு," என்றார் நயினாரம்மா.

இத்தனையும் ஒரு பாட்டுக் கச்சேரிக்காக. ஐஸ்கிரீம் வண்டிக் கதையை நான் வாயெல்லாம் பல்லாகச் சொன்ன அத்தனை நாளும் அக்கா குனிந்து தைத்துக்கொண்டே அந்தப் பெண்கள் வீடு போய்ச் சேருவதற்காகக் காத்திருந்திருக்கிறார். என்னிடமோ முடிவு இல்லை.

பொங்கலுக்கு முந்தைய வாரம் பால் பூத் சுவரில் அதே போஸ்டரைப் பார்த்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு, காலைக் காட்சி மட்டும். கடைக்கு ஓடினேன். அக்கா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். போகலாம் என்றார். கேட்டுக்கொண்டிருந்த எல்லோரும் நானும் நானும் என்றார்கள். காலைக் காட்சிக்குப் பெண்கள் போவதாவது என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. இவ்வளவு நாள் கேட்ட கதைக்கு முடிவு தெரியாமல் பொங்கல் கொண்டாட முடியாது என்ற நிலைக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். நயினாரம்மா வெள்ளைக்காரச் சாமியார்களுக்கு மரியாதையாகக் குளித்து மடிப்புக் கலையாத புடவை கட்டி வந்தார்.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். தியேட்டரில் பெண்கள் டிக்கெட் கொடுக்கும் ஜன்னல் சாத்தியிருந்தது. ஆண்கள் வரிசை எங்களைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டது. இரண்டு பேர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். அதில் ஒருவர் எங்கள் தெருக்காரர். மேனேஜர் ஓடிவந்து, இது இங்கிலீஷ் படம், லேடீஸ் பார்க்கிற படம் இல்லை, ஜன்னலைத் திறக்க முடியாது என்றார். பக்திப் படத்தைப் பார்க்கப் பெண்களை விடாத தியேட்டர் எந்த ஊரில் இருக்கிறது என்று நயினாரம்மா ஒரு பிடி பிடித்தார். மேனேஜர் போஸ்டரைப் பார்த்தார், நயினாரம்மாவைப் பார்த்தார், மறுபடி போஸ்டரைப் பார்த்தார். டெய்லரக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"உங்க வூட்டம்மா ஜாக்கெட்டு, பொண்ணுங்க பாவாடை எல்லாம் என்கிட்டதான் கெடக்குது. லேடீஸுக்கு டிக்கெட் கெடையாதுன்னா லேடீஸ் துணியும் பொங்கலுக்குக் கெடையாது. நீங்களே வூட்ல சொல்லிடுங்க."

ஜன்னல் திறந்தது.

அன்று தியேட்டரில் இரண்டு படம் ஓடியது என்றுதான் சொல்ல வேண்டும். அழகிகளை நம்பி வந்த ஆண்கள், ஐஸ்கிரீம் வண்டியைப் பார்த்து வாடிப்போய் உட்கார்ந்திருந்தார்கள். இடைவேளையில் பாதிப் பேர் காணாமல் போனார்கள். எங்கள் பக்கத்தில் ஒரே கும்மாளம். கதை தெரிந்த படமாதலால், மணி அடிக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிச் சிரித்தார்கள். கிடாரைப் பார்த்ததும் நயினாரம்மா என் காதில், "தம்பூராவையா இப்படிப் புடிக்கிறாங்க?" என்று கேட்டார். வாசலில் பெண்கள் மயங்கி விழுந்தபோது யாரோ பக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் டெய்லரக்காவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு சாமியார் குழப்பம் எதுவும் இல்லை. டிரம்ஸ் ஆரம்பித்ததும் இருட்டில் அவர் முகம் என் வயதுப் பெண்ணின் முகமாகிவிட்டது.

டயர் வெடித்தது. மாமா இல்லாததால் நான் தொடர்ந்து பார்த்தேன். பாட்டுக்காரர்கள் நாலு பேரும் ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டே கச்சேரிக்குப் போகிறார்கள். நம் பிள்ளைகள் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று பாட்டு கேட்கிறார்கள். பொழுது விடிந்து வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. மணி வேறு அடித்துத் தொலைக்கிறது. அம்மாவும் அப்பாவும் கதவைத் திறந்துகொண்டு வருகிறார்கள். அம்மா கையில் பெரிய கரண்டி. எங்கள் வரிசையில் மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்குகிறார்கள். அவர்கள் பின்னாலேயே நன்றி சொல்ல ஒரு நீளமுடிக்காரன் இறங்குகிறான். அம்மா அவனைப் பார்க்கிறாள். கரண்டி கீழே விழுகிறது. வீல் என்று ஓர் அலறல், அப்பா மேலேயே மயங்கிச் சாய்கிறாள்.

"அம்மாக்காரிக்கும் வந்துடுச்சு," என்றார் நயினாரம்மா. தியேட்டரே சிரித்தது, மிச்சமிருந்த ஆண்கள் உட்பட.

படம் அதோடு முடியவில்லை. அந்த அம்மா எழுந்து, இரண்டு பெண்களையும் உள்ளே இழுத்துப்போய் மேஜை முன்னால் உட்கார வைக்கிறாள். தானும் எதிரே உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறாள். அப்பா கத்த வாயெடுக்கிறார், அவரைக் கையைக் காட்டி நிறுத்துகிறாள். பெண்களிடம் ஏதோ கேட்கிறாள். எங்களுக்கு அந்த ஆங்கிலம் ஒரு எழுத்தும் புரியவில்லை. ஆனாலும் என்ன கேட்டாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது. பாட்டு எப்படி இருந்தது, சொல்லுங்கள் என்று கேட்டாள். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். படம் முடிகிறது.

டெய்லரக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு என்னைத் தனியாக நிறுத்தினார்.

"எங்கம்மாகிட்ட போய் இந்தக் கதைய சொல்லிட்டு வரியா? நான் அனுப்புனேன்னு சொல்லாத. கடைசி வரைக்கும் சொல்லு."

மறுநாள் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் அந்த வீட்டுக்குப் போனேன். பின்கட்டில் அக்காவின் அம்மா முறத்தை வைத்துக்கொண்டு மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். கதையை நானாக எடுத்தேன், அவரும் தடுக்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்துகொண்டு நான் எந்தப் படத்தையும் சொன்னதில்லை. மற்றவர்கள் சேர்த்த சாமியாரையும் எலுமிச்சம்பழத்தையும் விட்டுவிட்டேன். இரண்டு பெண்கள், பாட்டு மேல் பைத்தியம், வீட்டில் சொல்லாமல் போனார்கள், விடிந்து வந்தார்கள். மேஜை முன்னால் அந்த அம்மா உட்கார்ந்து கேட்டதைச் சொன்னபோது அவருடைய கை முறத்திலேயே நின்றுவிட்டது. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் எந்தத் தெரு, யாரிடம் தையல் கற்கிறேன் என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

"வெள்ளைக்காரிக்கு இன்னா, கேப்பா," என்றார்.

அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. காரியம் கெட்டுவிட்டது என்று எழுந்தேன். கறிவேப்பிலையை ஒடித்துக் கையில் கொடுத்து, மடியில் ஒரு பிடி மல்லாட்டையும் போட்டார். நான் வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து கேட்டார், அந்தப் படம் நாளைக்கும் இருக்கிறதா என்று.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் ஜன்னல் தானாகவே திறந்திருந்தது. வெள்ளைக்கார பஜனைப் படம் என்ற செய்தி பரவி, எங்களுக்குத் தெரியாத தெருப் பெண்கள்கூட வந்திருந்தார்கள். நான் விஷயத்தைச் சொல்லியிருந்ததால் அக்கா முன்னாடியே வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவின் அம்மா தனியாக வந்தார். அக்கா எழுந்து நின்று, உட்காரச் சொல்லத் தெரியாமல் தடுமாறினார். அம்மா ஓர் இடம் விட்டு உட்கார்ந்தார். அந்த இடத்தில் நான் உட்கார வேண்டியதாயிற்று. இடைவேளை வரைக்கும் இவர் யார், அவன் ஏன் ஓடுகிறான் என்று அம்மா என்னிடம் கேட்பார். எனக்குத் தெரியாததை அக்கா என்னிடம் சொல்வார். நான் அம்மாவிடம் சொல்வேன். இடைவேளைக்கு வெளியே போனவள் திரும்பிவந்து வேண்டுமென்றே பின் வரிசையில் நயினாரம்மா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மணி அடிக்கிற ஓர் இடத்தில் அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு.

கரண்டி விழுந்தது, அந்த வெள்ளைக்கார அம்மா மயங்கினாள், எழுந்தாள், பெண்களை உட்கார வைத்து எதிரே உட்கார்ந்தாள். நான் முன்னால் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டேன். இன்னும் சிரித்துக்கொண்டிருந்த நயினாரம்மாவைக் கிள்ளி நிறுத்தினேன்.

அக்காவின் அம்மா பார்வையைத் திரையிலிருந்து எடுக்கவில்லை.

"அன்னிக்கி வேலூர்ல பாட்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

அக்கா திரும்பி அம்மாவைப் பார்த்தார். "ரொம்ப நல்லா இருந்துச்சும்மா," என்றார்.

"இன்னா பாடனாங்க? மொதல்லேர்ந்து சொல்லு."

அக்கா இடையில் இருந்த காலி இடத்துக்கு நகர்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார். திரை வெள்ளையாகிவிட்டது, விளக்கைப் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து வெளியே போனார்கள். கூட்டுகிறவர் துடைப்பத்தோடு வந்து, அவர்களைப் பார்த்துவிட்டு, அந்த வரிசையை விட்டு அடுத்த வரிசையைக் கூட்டப் போனார். அக்கா கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்.